கோலாலம்பூரில் இருவர், நான்கு நாள்: இளம் தம்பதியருக்கான சிக்கனச் சுற்றுலா வழிகாட்டி

கோலாலம்பூர் விமான நிலையத்தில் இறங்கிய முதல் அரை மணி நேரத்திலேயே நானும் என் கணவரும் கணக்கில் தவறினோம். நகரத்துக்கு விரைவு ரயிலில் போவதே புத்திசாலித்தனம் என்று எங்கோ படித்ததை நம்பி, ஆளுக்கு 55 ரிங்கிட் வீதம் 110 ரிங்கிட்டுக்குப் பயணச்சீட்டு வாங்கினோம். அந்தப் பணத்துக்கு இருவரும் ஒரு வாடகைக் காரில் விடுதி வாசல்வரை போயிருக்கலாம், கையில் மீதியும் நின்றிருக்கும். பேருந்தில் போயிருந்தால் இருவருக்கும் சேர்த்து 30 ரிங்கிட்டோடு முடிந்திருக்கும். தனியாகப் போகிறவருக்காகச் சொல்லப்பட்ட யோசனையைத் தம்பதியர் அப்படியே எடுத்துக்கொண்டதால் வந்த நட்டம் அது. அன்றிரவே ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டோம். அந்தத் தாளிலிருந்துதான் இந்த வழிகாட்டி பிறந்தது.

முதல் படி: தாளின் நடுவில் ஒரு கோடு

கோட்டின் இடப்பக்கத்தில் இருவருக்கும் பொதுவான செலவுகளை எழுதுங்கள்: விடுதி அறை, வாடகைக் கார், கைபேசி இணையம், ஒரு தட்டில் வாங்கிப் பகிர்ந்து உண்ணும் பண்டங்கள். வலப்பக்கத்தில் தலைக்குத் தலை கொடுத்தே தீர வேண்டியவற்றை எழுதுங்கள்: ரயில் சீட்டு, அருங்காட்சியக நுழைவு, கோபுர உச்சிக்குச் செல்லும் கட்டணம், விமானத்தில் ஏற்றும் பெட்டி. இடப்பக்கத்தில் இருவர் என்பது சலுகை, வலப்பக்கத்தில் அதுவே இரட்டைச் சுமை. ஆகவே ஒரு பொருளின் விலையைப் பார்த்தவுடன் மலிவா என்று கேட்பதற்கு முன், அது எந்தப் பக்கத்தைச் சேர்ந்தது என்று கேட்கப் பழகினால், பாதி முடிவுகள் தாமாகவே எடுபட்டுவிடும்.

கோலாலம்பூரைச் சிக்கனப் பயணத்துக்கு உகந்த நகரமாக நான் கருதுவதற்குக் காரணமும் இந்தக் கோட்டில்தான் இருக்கிறது. இந்நகரத்தில் பார்க்கத் தகுந்தவற்றில் பெரும்பகுதிக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது. பணம் கேட்கும் இடங்களோ, பெரும்பாலும், விட்டுவிட்டாலும் வருத்தம் தராதவை.

கணக்குக்காக ஒரு ரிங்கிட்டை 20 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். உண்மை விகிதம் அதற்குச் சற்று மேலேதான் இருக்கும் என்பதால் புறப்படும் வாரத்தில் ஒருமுறை பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். மலேசியத் தமிழர்கள் ரிங்கிட்டை "வெள்ளி" என்றும், அதன் நூறில் ஒரு பங்கான சென் என்னும் சில்லறையைக் "காசு" என்றும் சொல்வார்கள். கடைக்காரர் "ரெண்டு வெள்ளி அம்பது காசு" என்றால் திகைக்க வேண்டாம்.

இரண்டாம் படி: புறப்படுவதற்கு முன்

இந்தியக் கடவுச்சீட்டு உடையவர்கள் 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள்வரை விசா இன்றி மலேசியாவுக்குச் செல்லலாம். இந்தச் சலுகை 2026 டிசம்பர் இறுதிவரை நீட்டிக்கப்பட்டது. ஆனால் விசா இல்லை என்பதற்கு எந்தப் படிவமும் இல்லை என்று பொருளல்ல. மலேசியக் குடிநுழைவுத் துறையின் மின்னணு வருகை அட்டையை, சென்று சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அது ஆளுக்கொன்று, கட்டணம் இல்லை. அதே அட்டையை நிரப்பித் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்கும் தளங்கள் தேடலில் முதலில் வந்து நிற்கும் என்பதால், அரசுத் தளத்தின் முகவரிதானா என்று பார்த்துவிட்டே விவரங்களைக் கொடுங்கள். கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். திரும்பும் பயணச்சீட்டு, விடுதி முன்பதிவு ஆகியவற்றின் அச்சுப் பிரதிகளைக் கையில் வைத்திருங்கள். கைபேசியின் மின்கலம் தீரும் இடம் எப்போதும் குடிநுழைவு வரிசையாகத்தான் இருக்கும்.

சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் நேரடி விமானங்கள் உள்ளன. பயண நேரம் ஏறத்தாழ நான்கு மணி. பெட்டிக்கான கட்டணம் கோட்டின் வலப்பக்கத்தைச் சேர்ந்தது போலத் தோன்றினாலும், இருவரின் உடைமைகளையும் ஒரே பெட்டியில் அடக்கினால் அது இடப்பக்கத்துக்கு வந்துவிடும். ஆளுக்கு ஒரு கைப்பை, பொதுவாக ஒரு பெட்டி என்பதே நான்கு நாளுக்குப் போதுமானது. நம் ஊர் உருண்டை முள் செருகிகள் அங்கே பொருந்தா. இங்கிலாந்தைப் போலச் செவ்வக முள் மூன்று கொண்ட செருகிதான் மலேசியாவில் புழக்கத்தில் உள்ளது. அதற்கான மாற்றுச் செருகி ஒன்றை ஊரிலேயே வாங்கி, பல கருவிகளைச் செருகக்கூடிய நீட்டிப்பு ஒன்றையும் எடுத்துச் சென்றால் இருவருக்கும் அதுவே போதும்.

ஆண்டு முழுதும் வெயிலும் மழையும் கலந்த ஊர் அது. ஏப்ரல் மாதத்தையும் அக்டோபர், நவம்பர் மாதங்களையும் ஒட்டி மழை கூடுதலாக இருக்கும். ஆனால் மாதத்தைவிட நாளின் எந்த நேரத்தில் மழை வருகிறது என்பதே திட்டமிடுபவருக்கு முக்கியம். அதைப் பின்னர் சொல்கிறேன்.

மூன்றாம் படி: விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு

விமான நிலையம் நகரத்திலிருந்து 50 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கிறது. வழிகள் மூன்று. விரைவு ரயில் நகரின் முக்கிய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரலுக்கு அரை மணி அளவில் கொண்டுவிடும், இருவருக்கு 110 ரிங்கிட். பேருந்து அதே கேஎல் சென்ட்ரலுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று கூடுதலாக எடுத்துக்கொள்ளும், இருவருக்கு 30 ரிங்கிட் அளவில் ஆகும். கிராப் என்ற வாடகைக் கார் செயலியில் பதிவு செய்யும் கார், நெரிசல் இல்லாத நேரத்தில் 70 முதல் 90 ரிங்கிட்வரை ஆகும். சுங்கச்சாவடிக் கட்டணம் அதற்கு மேல்.

பகலில் வந்து சேர்ந்தால் பேருந்துதான் என் தேர்வு. நள்ளிரவில் இறங்கினாலோ, விடுதி கேஎல் சென்ட்ரலிலிருந்து தள்ளி இருந்தாலோ காருக்குக் கொடுக்கும் பணம் வீணில்லை. பேருந்திலிருந்து இறங்கி மறுபடியும் ஒரு வண்டி பிடிக்கும் செலவையும் சேர்த்தால் வேறுபாடு சுருங்கிவிடும். விரைவு ரயில் தனியாக, அவசரமாக, அலுவலகச் செலவில் போகிறவருக்கு ஏற்றது.

நிலையத்தை விட்டு வெளியேறுவதற்கு முன் ஒரே ஒரு சிம் அட்டை வாங்கினால் போதும். ஒருவர் கைபேசியிலிருந்து மற்றவர் இணையம் பெறலாம். ஆனால் நெரிசலான சந்தையில் இருவரும் பிரிந்துவிட்டால் இணையம் இல்லாதவர் தவிப்பார். ஆகவே நகர வரைபடத்தை முன்னதாகவே இருவர் கைபேசியிலும் இறக்கிவைத்துக்கொண்டு, பிரிந்தால் எங்கே வந்து நிற்பது என்று தினமும் காலையில் ஒரு இடத்தைப் பேசிவைத்துக்கொள்ளுங்கள். நாணய மாற்றுக்கு விமான நிலையத்தில் அன்றையத் தேவைக்கு மட்டும் மாற்றிக்கொண்டு, மீதியை நகரத்துக்குள் பிரிக்ஃபீல்ட்ஸ் அல்லது மஸ்ஜித் இந்தியா பகுதியில் மாற்றுவது லாபம். அங்கெல்லாம் இந்திய ரூபாயையே நேரடியாக வாங்கிக்கொள்வார்கள்.

நான்காம் படி: அறை

சிக்கனப் பயணிகள், பலர் ஒரே கூடத்தில் உறங்கும் விடுதிகளில் படுக்கை எடுப்பார்கள். இருவராகப் போகிறபோது இரண்டு படுக்கைக்கான விலையும், தனிக் குளியலறை கொண்ட ஓர் எளிய அறையின் விலையும் ஏறத்தாழ ஒன்றாகவே நிற்பதைப் பார்ப்பீர்கள். 100 முதல் 130 ரிங்கிட்டுக்குத் தூய்மையான சிறு அறை கிடைக்கும். வெளிநாட்டவர் ஒவ்வோர் இரவுக்கும் 10 ரிங்கிட் சுற்றுலா வரி கட்ட வேண்டும். அது அறைக்கு, ஆளுக்கு அல்ல. முன்பதிவுத் தளம் காட்டும் விலையில் இது பெரும்பாலும் சேர்ந்திருக்காது. சில விடுதிகள் திருப்பித் தரும் வைப்புத்தொகை என்று 50 ரிங்கிட்போல வாங்கிவைப்பதும் உண்டு. ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

முன்பதிவின்போது "சன்னல் உண்டு" என்ற சொற்களைத் தேடிப் பாருங்கள். விலை குறைந்த அறைகளில் பல, சன்னலே இல்லாதவை. நாங்கள் தங்கிய முதல் விடுதியில் சன்னல் திரையை விலக்கியபோது பின்னால் வெறும் சுவர்தான் இருந்தது. என் கணவர் அதை மறுபடியும் மூடிவிட்டு, "நல்லவேளை, வெயில் அடிக்காது" என்றார்.

எந்தப் பகுதியில் தங்குவது என்பதற்கு என் விடை பசார் செனி நிலையத்தைச் சுற்றியுள்ள பழைய நகரம், அல்லது கேஎல் சென்ட்ரலை ஒட்டிய பிரிக்ஃபீல்ட்ஸ். முதலாவதில் பார்க்க வேண்டியவை நடை தூரத்தில் இருக்கின்றன; இரண்டாவதில் எல்லா ரயில்களும் சந்திக்கின்றன, இட்லியும் கிடைக்கிறது. புக்கிட் பிந்தாங் வட்டாரம் இரவெல்லாம் விழித்திருக்கும். அந்தக் கலகலப்பு வேண்டும் என்பவர்கள் அங்கே தங்கலாம், ஆனால் அதே பணத்துக்குச் சிறிய அறைதான் அமையும்.

திருமணச் சான்றிதழை விடுதிகள் பொதுவாகக் கேட்பதில்லை. எனினும் முஸ்லிம்கள்மீது ஷரியா சட்டம் செல்லுபடியாகும் நாடு என்பதால், முஸ்லிம் தம்பதியர் நிக்காஹ் சான்றிதழின் நகலை உடன் வைத்திருப்பது நல்லது. பொது இடங்களில் நெருக்கம் காட்டுவதை எல்லாத் தம்பதியரும் தவிர்க்க வேண்டும்.

ஐந்தாம் படி: ரயிலும் காரும்

எல்.ஆர்.டி., எம்.ஆர்.டி., மோனோரயில், கேடிஎம் கொம்யூட்டர் என்று நால்வகை ரயில்கள் நகரத்தைப் பின்னிக் கிடக்கின்றன. முதலில் குழப்பமாக இருக்கும். சுற்றுலாப் பயணிக்கு வேண்டியவை சில நிலையங்களே. கேஎல் சென்ட்ரலிலிருந்து எல்.ஆர்.டி.யில் ஏறினால் பசார் செனி, மஸ்ஜித் ஜாமெக், கம்போங் பாரு, இரட்டைக் கோபுரம் உள்ள கேஎல்சிசி என்று வரிசையாக வந்துவிடும். கேஎல் சென்ட்ரலுக்கு அருகிலிருந்து புறப்படும் மோனோரயில் புக்கிட் பிந்தாங்குக்குச் செல்லும். அதன் முதல் நிறுத்தத்தின் பெயர் துன் சம்பந்தன் என்பதைப் பார்த்து நாங்கள் புன்னகைத்தோம். மலாயாவின் விடுதலைக் காலத் தமிழ்த் தலைவரும் அமைச்சருமான வி.தி. சம்பந்தனின் பெயர் அது.

ஒருமுறைப் பயணத்துக்கு நீல நிற நெகிழி வில்லை ஒன்றை இயந்திரம் தரும். நுழையும்போது தொட்டு, வெளியேறும்போது துளையில் போட வேண்டும். அடிக்கடி பயணம் செய்வதாக இருந்தால் முன்பணம் ஏற்றிக்கொள்ளும் டச் அண்ட் கோ அட்டை வசதியானது, ஆனால் ஒரே அட்டையைக் காட்டி இருவர் நுழைய முடியாது. அட்டையின் விலையோ திரும்பாது. நான்கு நாளில் ஆளுக்குப் பத்துப் பயணத்துக்கும் குறைவு என்றால் வில்லையே போதும்.

இங்கேதான் நடுக்கோடு மறுபடியும் வேலை செய்கிறது. ஒருவருக்கு 3 ரிங்கிட் ஆகும் ரயில் பயணம் இருவருக்கு 6. அதே தூரத்துக்குக் கார் சில நேரம் 8 அல்லது 9 ரிங்கிட்டுக்கு வாசலிலேயே ஏற்றி வாசலிலேயே இறக்கிவிடும். ஆகவே குறுந்தூரத்துக்கு, அதுவும் ரயில் மாற வேண்டியிருந்தால், செயலியில் விலையைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஆனால் மாலை 5 மணிக்கு மேலும் மழை தொடங்கியவுடனும் அந்த விலை இரட்டிப்பாகி, கார் நெரிசலில் நின்றபடியே இருக்கும். அந்நேரத்தில் ரயிலைத் தவிர வேறு கதியில்லை. கோ கேஎல் என்ற நகரப் பேருந்தை இலவசம் என்று பழைய குறிப்புகள் சொல்லும். அந்த இலவசம் இப்போது மலேசியர்களுக்கு மட்டும். வெளிநாட்டவர் ஒரு ரிங்கிட் கொடுக்க வேண்டும்.

சாலையோரம் நடக்கும்போது தோள்பையைச் சாலைக்கு எதிர்ப்புறமாக மாட்டிக்கொள்ளுங்கள். மோட்டார்சைக்கிளில் வந்து பறிப்பது அங்கே பழைய நோய்.

ஆறாம் படி: மழையை வைத்து நாளைப் பகுத்தல்

பிற்பகல் மூன்று மணிக்கு மேல் இடி இடித்து, ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்துவிட்டு, ஆறு மணிக்கு ஒன்றும் நடக்காதது போல வானம் வெளுத்துவிடும். பெரும்பாலான நாட்களில் இதுவே முறை. எனவே காலை ஏழரை முதல் பதினொன்றரைவரை திறந்தவெளி, நண்பகலில் உணவு, பிற்பகலில் கூரையுள்ள இடம் அல்லது அறையில் உறக்கம், இரவில் விளக்குகள். இந்த ஒழுங்கை மீறிக் காலை பத்து மணிவரை உறங்கிவிட்டு, நண்பகல் வெயிலில் படியேறி, மழையில் நனைந்து, கார் கிடைக்காமல் நிற்கிறவர்களே நாளொன்றுக்கு இரட்டிப்பாகச் செலவழிக்கிறவர்கள்.

முதல் நாள், பழைய நகரம். விமானம் அதிகாலையில் வந்தால் அறை பிற்பகல்வரை கிடைக்காது. பெட்டியை விடுதி முகப்பில் ஒப்படைத்துவிட்டு நடையைத் தொடங்குங்கள். பசார் செனி நிலையத்திலிருந்து சில நிமிட நடையில், துன் எச்.எஸ். லீ சாலையில் மகாமாரியம்மன் கோயில் இருக்கிறது. 1873இல் தம்புசாமிப் பிள்ளை தம் குடும்ப வழிபாட்டுக்காக எழுப்பிய கோயில் இது. பின்னர் பொதுமக்களுக்கும் திறந்துவிடப்பட்டது. தைப்பூசத்தின்போது வெள்ளித் தேர் இங்கிருந்துதான் பத்துமலைக்குப் புறப்படுகிறது. அதே சாலையில் எதிர்ப்புறமாகச் சீனர்களின் குவான் டி கோயில். அதையும் பார்த்துவிட்டுப் பெட்டாலிங் தெருவுக்குள் நுழைந்தால் கடைகளின் இரைச்சல் தொடங்கிவிடும். அங்கே வாங்குவதைவிட வேடிக்கை பார்ப்பதே மேல். தெருவை ஒட்டிய குவாய் சாய் ஹோங் என்ற சந்தில் பழைய சீனக் குடியிருப்பு வாழ்க்கையைச் சுவரோவியங்களாகத் தீட்டியிருக்கிறார்கள். தம்பதியர் படம் எடுத்துக்கொள்ள ஏற்ற இடம். கூட்டம் சேர்வதற்கு முன் போய்விட வேண்டும். தலையைத் தூக்கினால் மெர்டேக்கா 118 கோபுரம் தெரியும். 678.9 மீட்டர், உலகின் உயரமான கட்டடங்களில் இரண்டாவது. கீழிருந்து பார்க்கக் காசு கேட்பதில்லை.

1888இல் காய்கறி, மீன் சந்தையாகத் தொடங்கிய சென்ட்ரல் மார்க்கெட் இன்று கைவினைப் பொருட்களின் அங்காடி. அதைக் கடந்து ஆற்றோரமாக நடந்தால் கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கலக்கும் முனையில் 1909இல் கட்டப்பட்ட மஸ்ஜித் ஜாமெக் நிற்கிறது. கோலாலம்பூர் என்ற பெயருக்கே சேறு நிறைந்த கூடல்முனை என்றுதான் பொருள். நகரம் பிறந்த இடம் அதுவே. தொழுகை நேரம் தவிர்த்து மற்றவர்களும் உள்ளே போகலாம், அங்கி அங்கேயே தருவார்கள். ஆற்றைக் கடந்தால் மெர்டேக்கா சதுக்கம். 1957 ஆகஸ்ட் 30 நள்ளிரவில் பிரிட்டிஷ் கொடி இறக்கப்பட்ட திடல். அதன் எதிரே 1897இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அப்துல் சமது கட்டடம், மணிக்கூண்டும் செம்புக் குவிமாடங்களுமாக நீண்டு கிடக்கும். சென்னையின் உயர்நீதிமன்றத்தைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு அதன் சாயல் அந்நியமாக இருக்காது. முடிந்தால் அதே ஆற்றுமுனைக்கு இரவில் ஒருமுறை வாருங்கள். நீல விளக்கொளியில் நீரின்மேல் மூடுபனி கிளம்பச் செய்கிறார்கள். இந்த முழு நடைக்கும் எங்களுக்கு ஆன செலவு, செருப்புக் காப்பகத்துச் சில்லறையும் இரண்டு குவளைத் தேநீரும்தான்.

இரண்டாம் நாள், பத்துமலை. கேஎல் சென்ட்ரலிலிருந்து கேடிஎம் கொம்யூட்டரில் அரை மணிப் பயணம், கட்டணம் 2.60 ரிங்கிட் அளவில். வண்டிகள் அடிக்கடி வருவதில்லை என்பதால் நேரத்தை முன்கூட்டியே பாருங்கள். நடுவில் இளஞ்சிவப்பு அடையாளமிட்ட பெட்டி பெண்களுக்கு மட்டுமானது. என் கணவர் என் பின்னாலேயே அதில் ஏறிவிட்டு, ஒரு பாட்டியின் பார்வையாலேயே அடுத்த பெட்டிக்கு அனுப்பப்பட்டார்.

எட்டு மணிக்குள் அடிவாரத்தில் நில்லுங்கள். 2006இல் நிறுவப்பட்ட 42.7 மீட்டர் முருகன் சிலை, அதன் அருகே 2018இல் பல வண்ணம் தீட்டப்பட்ட 272 படிகள், மேலே கூரை திறந்து ஒளி விழும் சுண்ணாம்புக்கல் குகை. மேற்குகைக் கோயிலுக்குக் கட்டணம் கிடையாது. அடிவாரத்தில் உள்ள இராமாயணக் குகைக்கும் பிற காட்சியிடங்களுக்கும் தனிச்சீட்டு உண்டு. நேரம் குறைவு என்றால் அவற்றை விடலாம். முழங்கால் மூடும் உடை அவசியம்; இல்லாவிட்டால் துணி ஒன்றை வாடகைக்கு எடுக்க நேரிடும். குரங்குகளுக்கு நெகிழிப் பையின் சலசலப்பே அழைப்புமணி. வாழைப்பழம், பொரி எதையும் கையில் தொங்கவிடாதீர்கள். தைப்பூச நாளில் லட்சக்கணக்கானோர் கூடுவார்கள். அதைக் காணவே போவதானால் அந்த ஒரு நாளை முழுமையாக அதற்கே ஒதுக்குங்கள், இல்லையேல் அந்த வாரத்தையே தவிர்த்துவிடுங்கள்.

நண்பகலுக்குத் திரும்பி வந்து பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு. செங்கற்சூளைகள் இருந்த இடம் என்பதால் வந்த பெயர் அது. 1881இல் தீயும் வெள்ளமும் நகரத்தை அழித்தபின் கூரை வீடுகளுக்குப் பதில் செங்கல் கட்டடங்கள் எழுந்தபோது இங்கே சூளைகள் பெருகின. ரயில்வே வேலைக்கு வந்த தமிழர்கள் பலர் இங்கேயே வேர்விட்டனர். மாலையில் மழை விட்டதும் இருவரும் ஒரு காரைப் பிடித்துத் தியான் ஹோவ் சீனக் கோயிலுக்குச் செல்லுங்கள். மேட்டின்மேல் ஆறு அடுக்காக எழும்பிய அக்கோயிலின் சிவப்பு விளக்குகள் ஏற்றப்படும் நேரத்தில் மாடியில் நின்று நகரத்தைப் பார்க்கலாம். இதற்கும் கட்டணமில்லை.

மூன்றாம் நாள், பூங்காவும் பள்ளிவாசலும். 1888இல் உருவான தாவரவியல் பூங்காவில் காலை நடை இலவசம். அதை ஒட்டிய பறவைப் பூங்காவின் கட்டணம் இருவருக்குச் சேர்த்தால் ஓர் இரவின் அறை வாடகையைத் தாண்டும். பறவைப் பித்து இல்லாதவர்கள் தயங்காமல் தாண்டிச் செல்லலாம். 1965இல் திறக்கப்பட்ட தேசியப் பள்ளிவாசலின் கூரை விரித்த குடையைப் போலவும், அதன் 73 மீட்டர் ஒற்றைக் கோபுரம் மடித்த குடையைப் போலவும் வடிக்கப்பட்டவை. மழை வலுக்கும் நேரத்துக்கு அருகிலுள்ள இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்துக்குள் நுழைந்துவிடுங்கள். ஆளுக்கு 20 ரிங்கிட் அளவில் ஆகும். இந்தப் பயணத்தில் தலைக்குத் தலை கொடுக்கத் தகுந்த ஒரே இடம் என்றால் இதைத்தான் சொல்வேன். உலகின் புகழ்பெற்ற பள்ளிவாசல்களின் நுணுக்கமான மாதிரிகளும் இந்திய, சீன, மலாய் இஸ்லாமியக் கலைக்கூடங்களும் உள்ள அந்த வெண்மையான கட்டடத்தில் மூன்று மணி நேரம் போவதே தெரியாது.

நான்காம் நாள், இரட்டைக் கோபுரம். சீசர் பெல்லி வடிவமைத்த 88 மாடிகளும் 452 மீட்டரும் கொண்ட பெட்ரோனாஸ் கோபுரங்கள் 1998 முதல் 2004வரை உலகின் மிக உயரமான கட்டடங்களாக இருந்தன. மேலே செல்ல ஒருவருக்கு 80 ரிங்கிட்டுக்கு மேல், இருவருக்கு 160ஐத் தாண்டும். உச்சியிலிருந்து நகரம் முழுதும் தெரியும், அந்த நகரத்தின் அழகான கட்டடம் மட்டும் தெரியாது. ஏனென்றால் நீங்கள் அதற்குள்தான் நிற்கிறீர்கள். எனவே நாங்கள் ஏறவில்லை. பதிலாக, மாலையில் கம்போங் பாரு நிலையத்தில் இறங்கி, கோபுரங்களின் நிழலில் இன்னும் மரவீடுகளோடு எஞ்சியிருக்கும் அந்த மலாய்க் குடியிருப்பின் ஊடே நடந்து, 2020இல் திறக்கப்பட்ட சலோமா பாலத்தைக் கடந்தோம். மலாய்த் திருமணங்களில் அடுக்கிவைக்கும் வெற்றிலைத் தட்டத்தின் வடிவில் அமைந்த நடைபாலம் அது. இருட்டியதும் நிறம் மாறி மாறி ஒளிரும். அதன் பின்னணியில் இரு கோபுரங்களும் வெள்ளியாய் நிற்கும். அங்கிருந்து நடந்தே கேஎல்சிசி பூங்காவுக்கு வந்துவிடலாம். இரவு எட்டு, ஒன்பது, பத்து மணிக்கு ஏரியில் இசையோடு கூடிய நீரூற்றுக் காட்சி உண்டு. எட்டு மணிக் காட்சிக்குக் கூட்டம் அதிகம். ஒன்பது மணிக்கு உட்கார இடம் கிடைக்கும்.

ஏழாம் படி: உணவு

காலை உணவை அங்குள்ள தமிழர்கள் "பசியாறுதல்" என்பார்கள். இருவரும் 10 ரிங்கிட்டுக்குள் நன்றாகப் பசியாறலாம். தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடைகளில், பெயரே "மாமா" என்ற நம் சொல்லிலிருந்து வந்தது, பரோட்டா போன்ற ரொட்டி சானாயும் பருப்புக் குழம்பும், இழுத்து ஆற்றிய பால் தேநீரான தேத்தாரிக்கும் எந்நேரமும் கிடைக்கும். பல கடைகளுக்குக் கதவே இல்லை; இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கும். பரிசாரகர் "என்ன தண்ணி?" என்று கேட்டால் வெறும் தண்ணீரைப் பற்றிக் கேட்பதாக நினைக்காதீர்கள். தேநீரோ காப்பியோ பழச்சாறோ, குடிக்க என்ன வேண்டும் என்பதே கேள்வி. "தே ஓ" என்றால் பாலில்லாத தேநீர். "குராங் மானிஸ்" என்றால் இனிப்புக் குறைவாக. இந்த இரண்டாவது சொல்லை விமானத்திலேயே மனப்பாடம் செய்துவிடுங்கள்.

வாழையிலையில் தேங்காய்ப்பால் சோற்றைப் பொதிந்து தரும் நாசி லெமாக் பொட்டலம் சில ரிங்கிட்டுக்குள் அடங்கும். சைவ உணவு உண்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அதன் சம்பலில் நெத்திலியோ இறால் விழுதோ இருக்கும், பார்த்தால் வெறும் மிளகாய்த் துவையல்போலத் தெரியும். இறைச்சி இல்லை என்று கடைக்காரர் சொன்னால் மீனும் இல்லை என்று அங்கே பொருளாகாது. பிரிக்ஃபீல்ட்ஸின் சைவ உணவகங்களும், பௌத்தச் சீனர்கள் நடத்தும் சைவக் கடைகளுமே நம்பிக்கையானவை. கலவைச் சோற்றுக் கடைகளில் ஒரு தட்டுச் சோறு வாங்கி மூன்று கறிகளைச் சுட்டிக்காட்டினால், அளவு பெரும்பாலும் ஒருவருக்கு அதிகம். ஒரு தட்டோடு கூடுதலாகச் சோறு மட்டும் கேட்டால் இருவருக்கும் போதும். ஜாலான் ஆலோர் இரவு உணவுத் தெருவில் ஒருமுறை நடந்து பாருங்கள். உண்பதற்கு இரண்டு தெரு தள்ளிப் போனால் அதே உணவு குறைந்த விலையில் கிடைக்கும்.

துரியான் பருவம் பெரும்பாலும் ஜூன் முதல் ஆகஸ்ட்வரை. விலை எடைக்கு என்பதால், பழத்தை நிறுத்து, தொகையைக் கேட்ட பிறகே வெட்டச் சொல்லுங்கள். ஒரு சிறிய பழம் இருவருக்கு ஏராளம். அறைக்குக் கொண்டுபோகக் கூடாது. விடுதி வாசலிலேயே துரியான் படத்தின் குறுக்கே சிவப்புக் கோடு போட்டு ஒட்டியிருப்பார்கள், மீறினால் தண்டம்.

எட்டாம் படி: மொத்தக் கணக்கு

மூன்று இரவுக்கு வரியோடு அறை 390 ரிங்கிட். நான்கு நாள் உணவு, நாளுக்கு இருவருக்கும் 70 வீதம் 280. நகரத்துக்குள் ரயிலும் காருமாக 80. விமான நிலையப் பேருந்து இருவருக்கும் போக வர 60. அருங்காட்சியகமும் பிற நுழைவுகளும் 90. சிம் அட்டை 30. கூட்டினால் 930. கையில் 1,100 ரிங்கிட் அளவில் வைத்துக்கொண்டால் துரியானுக்கும், மழையில் மாட்டிக்கொண்டு பிடிக்கும் காருக்கும் இடம் இருக்கும். நாங்கள் விரைவு ரயிலில் இழந்ததையும் சேர்த்தே இந்த எல்லைக்குள் நின்றோம்.

திரும்பும் நாளில் விமானம் இரவு என்றால், அறையைக் காலி செய்த பிறகும் பெட்டியை விடுதியிலேயே வைத்துவிட்டுச் சுற்றலாம். பேருந்தில் விமான நிலையம் செல்வதானால், வேலை நாளின் மாலை நெரிசல் தொடங்குவதற்கு முன், நான்கு மணிக்குள் கேஎல் சென்ட்ரலை விட்டுப் புறப்பட்டுவிடுங்கள். வெள்ளிக்கிழமையாக இருந்தால் மூன்று மணிக்கே. விமான நிலையத்தில் முனையம் ஒன்று, முனையம் இரண்டு என்று இரண்டு உண்டு. உங்கள் விமானம் எதிலிருந்து புறப்படுகிறது என்பதைப் பேருந்தில் ஏறும்போதே ஓட்டுநரிடம் சொல்லிவிடுங்கள்.